ட்ராக் டேயில் கார் காட்டும் அறிகுறிகள்: எந்தச் சுற்றில், எந்த இடத்தில், எதனால்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்லும்போது, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக வரும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் முழுச் சுற்று 3.717 கி.மீ. நீளமுடையது. தினமும் அலுவலகத்துக்குச் சென்று வரும் ஒரு சிறிய காரில் அந்தச் சுற்றை 2 நிமிடம் 20 விநாடியில் முடித்தால், சராசரி வேகம் மணிக்கு 96 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நெடுஞ்சாலையில் அதே கார் அதைவிட வேகமாக இரண்டு மணி நேரம் ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தடத்தில் அந்தச் சராசரி, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பதும் உடனே பிரேக்கை அழுத்தி மிதிப்பதுமாக மாறி மாறிச் செய்து பெறப்படுவதாகும். அதனால் பதினைந்து நிமிடங்களுக்குள் எஞ்சின், பிரேக், டயர் ஆகிய மூன்றும் சாலையில் ஒருபோதும் எட்டாத வெப்பநிலையை எட்டிவிடுகின்றன. ட்ராக் டேக்களில், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்களில், நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை பழுதான பாகங்களால் வந்தவை அல்ல. நல்ல நிலையில் இருந்த பாகங்கள் தம் வெப்ப எல்லையைக் கடந்ததால் வந்தவையே அதிகம். இந்த வேறுபாட்டை அறியாமல் மெக்கானிக்கிடம் செல்பவர், தேவையில்லாத பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த முறையும் அதே சுற்றில் அதே தொல்லையைச் சந்திப்பார்.

கீழே உள்ளவை ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற முன்சக்கர இயக்கம் கொண்ட பெட்ரோல் கார்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

எதையும் பிரிப்பதற்கு முன்

பிட்டுக்குள் (தடத்தோரம் கார்களை நிறுத்தும் இடம்) வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு, நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: தொல்லை எத்தனையாவது சுற்றில் தொடங்கியது, தடத்தின் எந்த இடத்தில் தெரிந்தது, அந்த நொடியில் காலும் கையும் என்ன செய்துகொண்டிருந்தன, வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று வந்ததும் சரியானதா இல்லையா. இருங்காட்டுக்கோட்டையில் வளைவுகளை சி1, சி2 என்று எண்ணிட்டு அழைப்பது வழக்கமாதலால், இடத்தைக் குறிப்பது எளிது. "சி1 நுழைவில், ஐந்தாம் சுற்றில், பிரேக்கை மிதித்தபோது" என்று ஒரு வரி இருந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டதாகவே கொள்ளலாம். அரை மணி நேரம் கழித்து, நண்பர்களுடன் டீ குடித்து முடித்த பிறகு எழுதப்படும் குறிப்பில் உண்மை பாதியும் கற்பனை பாதியுமாக இருக்கும் என்பது என் சொந்த நோட்டுப் புத்தகமே காட்டும் செய்தி.

மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

முதல் மூன்று சுற்றுகளில் கல்லைப் போல் உறுதியாக இருந்த பிரேக் பெடல், நான்காவது அல்லது ஐந்தாவது சுற்றில் பஞ்சை மிதிப்பதுபோல் ஆகி, தரையை நோக்கி நீண்டுகொண்டே போனால், பிரேக் திரவம் கொதித்துவிட்டது என்று பொருள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலிப்பருக்குள் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) ஆவிக் குமிழ்கள் தோன்றிய பிறகு, கால் கொடுக்கும் அழுத்தம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

இதற்குத் தேவையான வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு ஏற்படாது. ஓட்டுநரையும் சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 70க்கு இறங்கும்போது வெளியேறும் ஆற்றல் ஏறத்தாழ 750 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரே ஒரு முறை பிரேக் பிடிப்பதற்கான கணக்கு இது. அதில் பெரும்பகுதியைத் தாங்குபவை முன்சக்கரத்தின் இரண்டு டிஸ்க்குகள்தாம். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயைப் போல 2.1 கி.மீ. மட்டுமே நீளமுள்ள தடத்தில், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே டிஸ்க் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு.

பட்டறைகளில் இத்திரவத்தைப் 'பிரேக் ஆயில்' என்றே சொல்கிறார்கள். உண்மையில் இது எண்ணெய் அன்று, கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுக் கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். கிளைக்காலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 என்று குறிக்கப்பட்ட திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. அதே திரவம் 3.7 சதவீத நீரை உறிஞ்சிய நிலையில் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி ஏற்றுக்கொள்கிறது. டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140, டாட் 5.1க்கு 260, 180. கடற்கரையோரச் சென்னையின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுகள் கழித்த திரவம் இரண்டாவது எண்ணை நோக்கி நகர்ந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. எண் வரிசையைப் பார்த்து டாட் 4க்கு மேம்பட்டது என்று நினைத்து அதை ஊற்றிவிடக் கூடாது.

என் முதல் ட்ராக் டேயில் திரவம் புதியதுதான் என்ற நம்பிக்கையோடு சென்றேன். ஆனால் நான் ஊற்றியது, ஓராண்டுக்கு முன் திறந்து பாதி பயன்படுத்திவிட்டு மூடி வைத்த பாட்டிலிலிருந்து. ஐந்தாம் சுற்றில் பெடல் தரையைத் தொட்டது. இரண்டாம் முறை வேகமாக மிதித்ததில் கொஞ்சம் பிடிப்புக் கிடைத்து, தடத்தை விட்டு இறங்கி, புல்லில் கார் நின்றது. பேடக்கில் (கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் திடல்) பிளீட் செய்ய, அதாவது பழைய திரவத்தையும் குமிழ்களையும் வெளியேற்ற, உதவிய இளைஞர், வலது முன்சக்கரத்தின் நிப்பிளில் செருகிய ஒளிபுகும் ரப்பர் குழாயைக் காட்டினார். தேநீர் நிறத்தில் திரவமும், அதனூடே கடுகளவு கடுகளவாகக் குமிழ்களும் வந்துகொண்டிருந்தன. "சார், நான் சொல்ற வரைக்கும் பெடல்ல இருந்து காலை எடுத்துடாதீங்க, எடுத்தா காத்து திரும்ப உள்ள இழுத்துக்கும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் பிளீட் செய்யும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

எனவே தீர்வு எளிது: ட்ராக் டேக்கு முந்தைய வாரம், சீல் பிரிக்காத பாட்டிலிலிருந்து டாட் 4 அல்லது 5.1 திரவத்தை முழுமையாக மாற்ற வேண்டும். ஓட்டத்தின் நடுவே பெடல் மென்மையானால், மெதுவாக ஒரு சுற்று வந்து ஆறவைத்த பின் பெடல் பழைய நிலைக்குத் திரும்பினாலும், அதை நம்பி மறுபடியும் வேகமெடுக்கக் கூடாது. ஒருமுறை கொதித்த திரவம் அடுத்த முறை இன்னும் விரைவில் காலை வாரும். பிளீட் செய்த பிறகே தடத்தில் இறங்க வேண்டும்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, கார் நிற்கவில்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிரான அறிகுறி இது. கால் முழு பலத்தோடு அழுத்துகிறது, பெடலும் அசையாமல் உறுதியாக நிற்கிறது, ஆனால் வேகம் குறையவில்லை. கூடவே கருகிய நாற்றம் வருகிறது. இங்கே திரவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பேடுதான் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. சாலைப் பயன்பாட்டுக்கான பேடுகள் பொதுவாக 350 முதல் 400 டிகிரியை நெருங்கும்போது பிடிப்பை இழக்கத் தொடங்குகின்றன. இந்நிலையில் திரவத்தை மாற்றுவதால் பயன் இல்லை. அதிக வெப்பம் தாங்கும் பேடு வேண்டும். ஆனால் முழுமையான பந்தயப் பேடுகளைப் போட்டுக்கொண்டு அன்றாடச் சாலையில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை சூடேறாத நிலையில் சரியாகப் பிடிப்பதில்லை. காலையில் தெருமுனையில் குறுக்கே வரும் சைக்கிளுக்காகப் பிடிக்கும் முதல் பிரேக்கில்தான் அது தெரியவரும்.

புதிதாகப் போட்ட பேடு முதல் ஓட்டத்திலேயே இப்படி வழுக்கினால், அதைப் படியவைக்கவில்லை என்று பொருள். பேடின் பிசின் முதன்முறை சூடேறும்போது வாயுவாக வெளியேறி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெல்லிய படலமாக நிற்கிறது. ட்ராக் டேக்கு முன்பே காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுமையாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை அழுத்திப் பிரேக் பிடித்து, பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவைத்திருந்தால் இது நேராது.

முதல் மிதிப்பில் பெடல் நீள்கிறது, இரண்டாவதில் சரியாகிறது

வளைவின் ஓரக் கற்களின் மேல் ஏறி இறங்கிய உடனே இது தெரிந்தால், சக்கரத்தின் ஆட்டத்தில் டிஸ்க் பேடுகளைத் தள்ளி, பிஸ்டனைக் காலிப்பருக்குள் அனுப்பிவிட்டது என்று கொள்ளலாம். காரை ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வீல் பேரிங்கின் தேய்மானம் கையிலேயே தெரியும். பேரிங்கை மாற்றும்வரை, பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக இடது காலால் பெடலை ஒருமுறை இலேசாகத் தட்டிவைப்பது உதவும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பதே எல்லாரும் சொல்லும் விளக்கம். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருப்பதில்லை; சூடான பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். ஓட்டம் முடிந்து பேடக்குக்கு வந்து, டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி நிற்பதும் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதும் இதற்குக் காரணங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவைத்து, காரைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்த வேண்டும்.

வெப்பமானி முள் ஏறுகிறது

முதலில் ஓர் எச்சரிக்கை. இன்றைய கார்களில் பலவற்றில் டாஷ்போர்டில் உள்ள முள், கூலன்ட் எண்பது டிகிரியைத் தாண்டியதிலிருந்து நூறைத் தாண்டும்வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே முள் நகர்வதைக் காணும்போது பிரச்சினை ஏற்கெனவே முற்றியிருக்கும். ஓபிடி பிளக்கில் (எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிப்பதற்கான துளை) ஒரு சிறிய ப்ளூடூத் கருவியைச் செருகி, கைபேசியில் உண்மையான எண்ணைப் பார்ப்பது, இந்தப் பொழுதுபோக்கில் செலவிடக்கூடிய மிகப் பயனுள்ள பணம். புகைக்குழாயை மாற்றும் செலவில் அப்படிப்பட்ட கருவிகள் இருபது வாங்கலாம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெப்பம் எப்போது ஏறுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ஓட்டத்தில் சரியாக இருந்து, பேடக்கில் நிற்கும்போது மட்டும் ஏறினால், ரேடியேட்டர் விசிறியையோ அதன் ரிலேயையோ பார்க்க வேண்டும். அதற்கு மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து நேர்ப்பாதையில் முழு வேகத்தில் ஏறினால், விசிறிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. அப்போது காற்று உள்ளே போகிறதா, கூலன்ட் உள்ளே சுற்றுகிறதா என்ற இரண்டையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னால் ஓடி ஓடி, ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மண்ணும் பூச்சிகளும் அடைந்திருப்பது வெளியே தெரியாது. முன்பம்பரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்ததைவிட மோசமாகிவிடும்.

கூலன்ட் சுற்றவில்லை என்றால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் உள்ளடைப்பு ஆகியவை சந்தேகத்துக்குரியவை. உள்ளடைப்புக்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு: கூலன்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழக்கம். வீட்டு ஹீட்டரின் கம்பியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ரேடியேட்டர் மூடியையும் மறந்துவிடக் கூடாது. காற்றழுத்தத்துக்கு மேல் 1 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே உள்ள நீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பு போய்விடும். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களும் நல்ல நிலையில் இருப்பதாகவே மெக்கானிக்குக்குத் தோன்றும்.

தடத்தில் கூலன்ட் வெப்பநிலை 105 டிகிரியைத் தாண்டினால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்து, உயர்ந்த கியரில் குறைந்த சுழற்சியில் ஒரு சுற்று வர வேண்டும். மே மாதத்தில் ஹெல்மெட்டுக்குள் ஹீட்டர் காற்று அடிப்பது இனிமையான அனுபவம் அன்று. சிலிண்டர் ஹெட் வளைவதைவிட மேல். பேடக்குக்கு வந்ததும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. டர்போ உள்ள கார்களில் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

நீண்ட வளைவில் ஆயில் விளக்கு ஒரு நொடி மின்னுகிறது

இது நான் இங்கே சொல்லும் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அதுவும் அழுத்தம் மிகக் கீழே இறங்கிய பிறகே எரியும். நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாயின் வாய் காற்றை இழுக்கும்போது, கிராங்க் பேரிங்குகள் அந்த நொடியில் உலோகத்தோடு உலோகமாக உரசுகின்றன. ஒரே பக்க வளைவுகளில் மட்டும், அதுவும் ஓட்டத்தின் இரண்டாம் பாதியில் மட்டும் மின்னினால் காரணம் இதுதான். உடனே வேகத்தைக் குறைத்து வெளியே வந்து, சமதரையில் பத்து நிமிடம் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் வேறுபாடு உண்டு. சாலையில் நடுக்கோடு போதுமானது. தடத்தில் மேல் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும், தாண்டவும் கூடாது. அளவு சரியாக இருந்தும் ஐடிலில் மின்னினால், வெப்பத்தில் ஆயில் நீர்த்துவிட்டது என்று கொள்ளலாம். உற்பத்தியாளரின் கையேடு அனுமதிக்கும் தடிப்புகளில் மேலானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தத் தொல்லையும் தெரியவில்லை, சுற்று நேரம் மட்டும் மோசமாகிறது

சுற்று நேரத்தைப் பெருமைக்கான எண்ணாகப் பார்ப்பவர்களே அதிகம். காரின் நாடியைப் பார்ப்பதற்கும் அதுவே சிறந்த கருவி. ஒருவருடைய நேரங்கள் 2:21, 2:24, 2:20, 2:26 என்று மேலும் கீழுமாகக் குதித்தால், அது ஓட்டுநரின் கோளாறு. காரில் எதையும் தொட வேண்டாம். 2:21.3, 2:21.5, 2:22.6, 2:24.1 என்று ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், கார் எதையோ இழந்துகொண்டிருக்கிறது. கைபேசியின் ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கிறது, 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதால், கைபேசி காட்டும் பத்தில் இரண்டு மூன்று விநாடி வேறுபாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

எதை இழக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, நேர்ப்பாதையின் முடிவில் எட்டிய உச்ச வேகத்தையும், ஒரு நடுத்தர வளைவின் மையத்தில் இருந்த குறைந்தபட்ச வேகத்தையும் சுற்றுவாரியாக ஒப்பிட வேண்டும். வளைவில் வேகம் மாறாமல் நேர்ப்பாதையின் உச்சம் மட்டும் 4, 5 கி.மீ. இறங்கினால், எஞ்சின் சக்தியை இழக்கிறது. டர்போ கார்களில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறி, உள்ளே போகும் காற்றின் வெப்பம் உயர, நாக்கிங்கை (எரிபொருள் முறைதவறி வெடிப்பதை) தவிர்க்க எஞ்சின் கணினி இக்னிஷனைப் பின்தள்ளுகிறது. ஓபிடியில் உள்காற்றின் வெப்பநிலையைப் பார்த்தால் இது கையும் களவுமாகப் பிடிபடும். இதற்குப் பெரும்பாலும் பழுது நீக்கம் தேவையில்லை. மூன்று வேகச் சுற்றுகளுக்கு ஒரு மெதுவான சுற்று என்று ஓட்டினாலே போதும். கையேடு 95 ஆக்டேன் பெட்ரோலைக் கேட்டிருந்தால் அதை நிரப்ப வேண்டும்.

உச்ச வேகம் மாறாமல் வளைவின் வேகம் இறங்கினால், டயர். இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள 33 பிஎஸ்ஐயோடு தடத்தில் இறங்குவது. டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ உயர்கிறது. ஓட்டத்தில் 50 டிகிரி ஏறினால் 33 என்பது 40ஐத் தாண்டி, டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். சிறிய கார்களில் சாதாரண சாலை டயர்களுக்குச் சூடான நிலையில் 32 முதல் 36 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்ல தொடக்கம். அதற்குக் குளிர்ந்த நிலையில் 27 அல்லது 28 இருந்தால் போதும். தடத்திலிருந்து வந்த இரண்டு நிமிடத்துக்குள், ஆறுவதற்கு முன், எப்போதும் ஒரே மானியால் நான்கு டயர்களையும் அளக்க வேண்டும்.

அளவு சரிதானா என்பதை டயரே காட்டும். ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு டயரின் தோளிலும், பூவேலைப்பாடு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது, கோடு தோளின் விளிம்பு வரை அழிந்திருந்தால் அழுத்தம் சரி. பக்கச்சுவரிலும் இறங்கி அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று குறைவு. கோடு தோளிலேயே மிஞ்சியிருந்தால் காற்று அதிகம்.

அழுத்தம் சரியாக இருந்தும் கார் மூக்கைத் திருப்ப மறுத்து வெளியே தள்ளிக்கொண்டு போனால், முன்டயரின் வெளித்தோள் மட்டும் உருண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் முன்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்திருப்பது) போதவில்லை. ஆனால் கேம்பர் போல்ட் வாங்கக் கிளம்புவதற்கு முன், வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, திரும்பாத காரை இன்னும் அதிகமாகத் திருப்பும் பழக்கம் தமக்கு இருக்கிறதா என்பதை ஒருவர் நேர்மையாகப் பார்த்துக்கொள்வது நல்லது. ஐந்து கி.மீ. மெதுவாக நுழைந்ததும் மறைந்துவிடும் அண்டர்ஸ்டீயரை (கார் இப்படித் திரும்ப மறுப்பதை) பலமுறை கண்டிருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து.

சுருக்கமாகச் சில

நீண்ட வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் இருமினால், டாங்கில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கிறது. பாதி டாங்கு எப்போதும் இருக்கட்டும். இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் மிதித்தபோது சக்தி அறுந்தால் அது கோளாறே அன்று. பாதுகாப்புக்காகக் கணினி செய்வது.

வேகத்தில் நடுக்கம், பிரேக் பிடிக்காதபோதும் இருந்தால், டயரில் ஒட்டிய ரப்பர்த் துகள்களையும், சக்கரத்தின் உட்புறம் ஒட்டிய பேலன்ஸ் ஈயத்தையும் பார்க்க வேண்டும். பிரேக் வெப்பத்தில் அதன் பசை இளகி விழுந்துவிடுவது உண்டு. அதே நேரத்தில் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு, மீண்டும் இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டுகள் தளர்ந்திருப்பது அரிதன்று. சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் சிவி ஜாயின்ட்டின் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் மூட்டு) ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று கொள்ளவும்.

சக்தியோடு திரும்பும்போது மூன்றாம் கியர் விழ மறுத்தால், கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சின் மவுண்டுகளைப் பார்க்கவும். ரப்பர் தளர்ந்த மவுண்டில் எஞ்சினே சாய்ந்து, கியர் கம்பியின் வழியை மாற்றிவிடும். அந்த நிலையில் அவசரமாகத் தள்ளினால், நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் பதிலாக முதலாவதுக்குள் கியர் விழ, எஞ்சின் சுழற்சி எல்லையைத் தாண்டி வால்வுகள் வளைந்துவிடலாம். கணினியின் சுழற்சித் தடை பெட்ரோலை மட்டுமே நிறுத்தும். சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

நம் நாட்டு வாகனக் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை என்பதால், தடத்தில் நேரும் சேதம் சொந்தப் பணம். ஆனால் திரும்பும் வழியில் நேரக்கூடியவையும் பெரும்பாலும் தடத்தில் தொடங்கியவையே. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்டத்தை முடித்துக்கொண்டு, காரை ஆறவிட்டு, பேடின் கனத்தைச் சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே டார்ச் அடித்துப் பார்த்து, கூலன்டையும் ஆயிலையும் குளிர்ந்த நிலையில் அளந்து, வீல் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சூடான நிலையில் காற்றைக் குறைத்தவர்கள் எல்லாரும் மறக்கும் வேலை ஒன்று உண்டு: மீண்டும் காற்று நிரப்புவது. ஆறிய டயரில் அப்போது 26 பிஎஸ்ஐகூட இருக்காது. அந்த அளவோடு பூந்தமல்லி வரை லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது சரியன்று. பேடக்கில் காற்று நிரப்பும் வசதி இல்லாத நாள்களுக்காக, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்ப் ஒன்று என் டிக்கியில் எப்போதும் கிடக்கும். நான்கு டயர்களுக்கும் சேர்த்து அது இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறது, டிஸ்க் முழுமையாக ஆறுவதற்கு அந்த நேரமும் தேவைப்படுகிறது.